ஆண்டுக் கணக்கில் மறைந்துபோகும் வறுமை

கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்பதாகும். காரைக்கால் பகுதியில் ஆறு மா, எட்டு மா நிலத்தில் சம்பா சாகுபடி செய்யும் எந்த விவசாயியாலும் இக்கேள்விக்கு நின்ற இடத்தில் சரியான விடை கூற இயலாது. நெல் விற்ற பணம் ஒரே நாளில் வருகிறது. அது கழிவதோ பல கடன்களில். வீட்டு ஆட்கள் செய்த வேலைக்குக் கூலி போடுவதில்லை. சாப்பாட்டுக்கு எடுத்து வைத்த நெல்லுக்கு விலை போடுவதில்லை. ஆகவே மனத்தில் தோன்றும் ஒரு தொகையைச் சொல்கிறோம். அவரும் எழுதிக்கொண்டு போகிறார்.

அந்தத் தொகை சாதாரணமானதல்ல. சிவப்பு ரேஷன் அட்டையா, மஞ்சள் அட்டையா என்பது முதல், நம் பகுதிக்கு எந்தத் திட்டம் வர வேண்டும் என்பது வரை இத்தகைய பதில்களைக் கொண்டே முடிவாகிறது. எனவே வறுமையை ஆராய்கிறவர்கள் அதை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவில் கடைமடை விவசாயியின் கஷ்டம் எங்கே விட்டுப்போகிறது, அதைச் சரிசெய்ய விவசாயிகள் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வறுமைக்கோடு நகர்ந்த கதை

நம் நாட்டில் வீடு வீடாகச் சென்று செலவுக் கணக்கு எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வு 1950-ல் பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கியது. இந்தக் கணக்குகளைக் கொண்டு, வி.எம்.தாண்டேகர், நீலகண்ட ரத் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் 1971-ல் இந்தியாவின் வறுமை பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு கிடைக்க எவ்வளவு செலவாகும் என்பதே அவர்களது அளவுகோல். 1979-ல் திட்டக்குழு அமைத்த நிபுணர் குழு, கிராமத்தில் 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று வகுத்தது. வயலில் உழைப்பவருக்குக் கூடுதல் உணவு தேவை என்பதே இதன் கருத்து.

பிற்காலத்தில் கல்வி, மருத்துவச் செலவுகளும் சேர்க்கப்பட்டன. 2009-ல் அறிக்கை அளித்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி, 2011-12 விலைவாசியில் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் ரூ.816 செலவு செய்ய முடிந்தால் அவர் வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர் ஆவார். 2014-ல் ரங்கராஜன் குழு அதே ஆண்டுக்கு ரூ.972 என்று கணக்கிட்டது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது முறையே ரூ.4,080, ரூ.4,860 ஆகும்.

இரண்டுக்கும் தலைக்கு ரூ.156-தான் வித்தியாசம். ஆனால் முதல் கணக்கில் நாட்டில் ஏழைகள் சுமார் 27 கோடி. இரண்டாவதில் சுமார் 36 கோடி. கோட்டைச் சற்று உயர்த்தியதும் ஒன்பது கோடிப் பேர் ஏழைகளாகிவிட்டனர். அவர்கள் வீட்டு அடுப்பில் எந்த மாறுதலும் இல்லை.

கேள்வி கேட்கும் விதத்தாலும் எண்ணிக்கை மாறும். "கடந்த 30 நாளில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் ஒரு விடை, "கடந்த 7 நாளில்" என்று கேட்டால் வேறு விடை. 1999-2000 ஆய்வில் உணவுச் செலவை இரண்டு விதமாகவும் ஒரே வீட்டில் கேட்டார்கள். ஒரு விடை மற்றொன்றைப் பாதித்துவிட்டது என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர்.

இப்போது நிதி ஆயோக் வேறொரு முறையையும் பின்பற்றுகிறது. ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு முதலிய 12 அம்சங்களைப் பார்த்து ஒரு குடும்பம் ஏழையா என்று தீர்மானிக்கிறார்கள். 2023-ல் வெளியான அறிக்கைப்படி, 2019-21 காலத்தில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவரே ஏழை. மின்சாரமும் பள்ளியும் எரிவாயு அடுப்பும் வந்தது உண்மை. மகிழ வேண்டிய முன்னேற்றம் அது. ஆனால் அந்த 12 அம்சங்களில் கடன் என்ற ஒன்று இல்லை. அடகுக் கடையில் இருக்கும் தோடு இல்லை. ஐப்பசியில் வேலை கிடைத்ததா என்ற கேள்வியும் இல்லை. வறுமையே இல்லை என்று கணக்குச் சொல்லும் இடத்துக்கு வறுமை ஒழிப்பு நிதி வருவது அரிது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாலக்குறிச்சி தரும் பாடம்

வறுமை ஆராய்ச்சியில் உலகமே திரும்பிப் பார்க்கும் ஒரு கிராமம் நமக்கு அருகிலேயே உள்ளது. நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் வட்டத்தைச் சேர்ந்த பாலக்குறிச்சிதான் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்போது ஆராயப்பட்ட ஊர்களில் பாலக்குறிச்சியும் ஒன்று. 1918-ல் அது நூலாக வந்தது. 1936-37-ல் பி.ஜே.தாமஸ், கே.சி.ராமகிருஷ்ணன் ஆகியோர் முன்னின்று அதே ஊர்களை மறு ஆய்வு செய்தனர். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.குகன் ஆராய்ந்தார். 2019-ல் மீண்டும் வீடு வீடாகக் கணக்கெடுக்கப்பட்டது. ஒரே ஊரை நூறு ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு தொடர்ந்து கவனித்திருப்பது அரிய செயலாகும்.

1916-ல் அங்கே நிலம் சில மிராசுதார் குடும்பங்களிடம் இருந்தது. உழைத்தவர்கள் கடனால் கட்டுண்ட பண்ணையாட்கள். நூறு ஆண்டில் அவர்கள் பிள்ளைகளின் நிலை உயர்ந்திருக்கிறது. எதனால் உயர்ந்தது? விளைச்சல் கூடியதால் மட்டும் அல்ல. 1952-ல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. (அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, 1954 நவம்பர் முதல் தேதியன்றுதான் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது.) கூலித் தகராறின் உச்சத்தில் 1968 டிசம்பர் 25 இரவு பக்கத்திலுள்ள கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டனர். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. பிறகு ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம், சத்துணவு, வெளியூர் வேலை ஆகியன வந்தன. நிலமே இல்லாதிருந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு நிலமும் கிடைத்தது.

2019 ஆய்வில் மற்றொன்றும் தெரிந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் வயலில் கிடைக்கும் வேலை நாள்கள் மிகவும் குறைந்துவிட்டன. நெல்லை மட்டும் நம்பி வாழும் குடும்பம் அரிதாகிவிட்டது. இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ரூ.10,218. இதில் கூலி, சம்பளம் ரூ.4,063, பயிர் சாகுபடி ரூ.3,798, கால்நடை ரூ.1,582. அதாவது விவசாயி என்று பெயர் பெற்ற குடும்பத்துக்கே பயிரைவிடக் கூலிதான் அதிகம் கொடுத்தது.

கடைமடையின் பன்னிரண்டு மாதங்கள்

ஆண்டுச் சராசரி எப்படி ஏமாற்றும் என்பதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் சம்பா வைத்திருக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாகுபடிச் செலவு போக ஏக்கருக்கு ரூ.20,000 வீதம் மாசியில் ரூ.40,000 கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ.3,333. கணக்கெடுப்பவர் தாளில் அவ்வளவுதான் இருக்கும்.

நடப்பது வேறு. ஆடியில் அடகு வைத்த நகையை மீட்கவும், ஐப்பசியில் வாங்கிய கைமாற்றை வட்டியுடன் அடைக்கவும் ரூ.22,000 போய்விடுகிறது. மீதி ரூ.18,000. மாதம் ரூ.6,000 வீட்டுச் செலவு என்றால் பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களுக்கு அது சரியாகிவிடும். ஆனி முதல் தை வரை எட்டு மாதங்கள் கூலியாலும் கடனாலும் ஓட வேண்டும். மாசியில் வந்து பார்ப்பவர் களத்து நெல்லைப் பார்ப்பார். ஐப்பசியில் வந்து பார்ப்பவர் அடகுச் சீட்டைப் பார்ப்பார். இருவரும் பார்த்தது ஒரே வீட்டைத்தான்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட வேண்டும். ஆனால் அணையின் நீர் இருப்பைப் பொறுத்து அந்த நாள் பல ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கிறது. திறந்த நீரும் வழியெல்லாம் பாய்ந்துவிட்டுத்தான் அரசலாற்றிலும் திருமலைராஜனாற்றிலும் நம்மை எட்டுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆண்டின் அளவு சரியாக வந்தாலும், வேண்டிய மாதத்தில் வராத நீர் நாற்றங்காலுக்கு உதவாது. வருமானமும் தண்ணீரைப் போன்றதே. மொத்தம் எவ்வளவு என்பதோடு எப்போது வருகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இந்தப் பருவகால வறுமையை உலக ஆராய்ச்சியாளர்களிடம் அழுத்தமாக எடுத்துக் கூறியவர்களில் ஒருவர் ராபர்ட் சேம்பர்ஸ். 1970-களில் வடஆற்காட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வில் பங்கு கொண்டவர் இவர். வெளியிலிருந்து கிராமத்துக்கு வரும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் தார்ச்சாலை போகும் தெருவோடு நின்றுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வராமல் கோடையில் வருகிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் பேசுகிறார்கள். பெண்களைக் கேட்பதில்லை என்று 1983-ல் வெளியான தம் நூலில் சுட்டிக்காட்டினார். நம் பகுதியிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்காலைத் தாண்டிக் கடைசித் தெருவுக்கு வருகிறவர் குறைவு. கஷ்டம் அதிகமாக இருப்பது அப்போதுதான்.

மாடு கொடுத்தால் போதுமா?

மாதக் கணக்கு தெரியாமல் செய்யும் உதவி பலன் தருவதில்லை. 1978-79-ல் தொடங்கி 1980 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் ஏழைகளுக்கு மானியத்துடன் கடன் கொடுத்துக் கறவை மாடும் ஆடும் வாங்கித் தந்தார்கள். தீவனம் இல்லாத கோடையிலும் வேலை இல்லாத மழைக்காலத்திலும் பல வீடுகளில் மாடு விற்பனைக்குப் போயிற்று. கடன் மட்டும் நின்றது. 1999-ல் அத்திட்டம் வேறு திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

இதே வேலையை வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் வேறு விதமாகச் செய்தது. ஆடோ மாடோ கொடுத்ததுடன், முதல் சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகையும் கொடுத்தது. பசி வந்தால் ஆட்டை விற்க வேண்டிய அவசியம் இராது அல்லவா? வளர்ப்பு முறையும் சேமிப்புப் பழக்கமும் கற்றுத்தர ஆள் வாராவாரம் வீட்டுக்கு வந்தார். இம்முறையை இந்தியா உள்பட ஆறு நாடுகளில் சுமார் 10,000 குடும்பங்களிடம் சோதித்து, உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு, 2015-ல் முடிவை வெளியிட்டனர். உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகும் பெற்ற குடும்பங்களின் உணவும் வருமானமும் மேம்பட்டே இருந்தன. இந்த ஆய்வில் ஈடுபட்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர்.

நம் யூனியன் பிரதேசத்திலேயே இன்னொரு அனுபவம் உண்டு. 2015-ல் ரேஷன் அரிசியை நிறுத்தி, அதற்கு ஈடான பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தினார்கள். அதை ஆராய்ந்தவர்கள், பணம் போய்விட்டதாக அரசுப் பதிவு காட்டும் வேளையில் கிடைக்கவில்லை என்று சொன்ன குடும்பங்கள் இருந்ததைக் கண்டனர். அவர்கள் பதிவேட்டோடு நின்றிருந்தால் இது வெளியே வந்திராது. வீட்டில் போய்க் கேட்டதால் வந்தது. 2024-ல் ரேஷன் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டு அரிசி வழங்கல் தொடங்கியது.

வெறும் மாதத்தில் வருமானம்

எந்த மாதம் வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்தால், அந்த மாதத்துக்கான வழியை யோசிக்கலாம். சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ உளுந்தை நிற்கும் பயிரில் தெளித்தால், சித்திரை வாக்கில் ஒரு வருமானம் கிடைக்கும். ஆடுதுறை 3 போன்ற ரகங்கள் நெல் தரிசுக்கு ஏற்றவை. பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறு முறையும் இரண்டு சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை இறுத்து 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்கலாம். திருநள்ளாறு பகுதியில் தரிசுப் பருத்தி போடுபவர்களுக்கு வைகாசி, ஆனியில் பஞ்சு எடுப்பு வேலையும் வருமானமும் உண்டு.

ஆனால் உளுந்து ஐப்பசிக்கு உதவாது. அந்த மாதங்களுக்கு ஆடு, கோழி, வெளி வேலை, குறைந்த வட்டிக் கடன் ஆகியவற்றையே நாட வேண்டும். ஊரக வேலைத் திட்டத்திலும் இந்தக் கணக்கு உதவும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம், ஆண்டுக்கு 125 நாள் வேலை என்று கூறுகிறது. அதே சமயம், விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள்வரை அந்த வேலையை நிறுத்திவைக்கவும் வகை செய்கிறது. அந்த 60 நாள் எவை என்பதை நம் கடைமடைப் பட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இயந்திரம் அறுக்கும் நாளில் கூலி வேலை இருப்பதாக எண்ணி நிறுத்திவிட்டால், தொழிலாளிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

வீட்டுக் கணக்கு எழுதும் முறை

பள்ளி நோட்டு ஒன்றும் பேனாவும் போதும். சித்திரை முதல் பங்குனி வரை மாதத்துக்கு ஒரு வரி விடவும். ஒவ்வொரு வரியிலும் கீழ்க்கண்ட ஆறு விவரங்களை எழுதவும்.

1. ஆணுக்கு எத்தனை நாள் வேலை, பெண்ணுக்கு எத்தனை நாள் வேலை என்பதைத் தனித்தனியாக.

2. கைக்கு வந்த பணம்: நெல், பயறு, பால், கூலி, வெளியூர்ப் பிள்ளை அனுப்பியது எல்லாம்.

3. சாப்பாட்டுச் செலவு. வீட்டு நெல் என்றால் எத்தனை மூட்டை என்று குறித்தால் போதும்.

4. மருத்துவம், பள்ளி, விசேஷச் செலவு.

5. வாங்கிய கடன், வைத்த அடகு, வட்டி விகிதம்.

6. மாதக் கடைசியில் வீட்டில் இருக்கும் நெல்.

ஓராண்டு எழுதிவிட்டு, ஐந்தாம் விவரம் கூடி ஆறாம் விவரம் காலியாகும் மாதங்களைச் சிவப்பு மையால் வட்டமிடவும். அவையே உங்கள் வீட்டின் வறுமை மாதங்கள். எழுதும் வேலையை வீட்டுப் பெண்களிடம் கொடுப்பது நல்லது. அரிசிப் பானையின் நிலவரமும் மகளிர் குழுக் கடனும் அவர்களுக்கே நன்கு தெரியும்.

தெருவில் இருபது வீடுகள் இவ்வாறு எழுதினால் அது ஓர் ஆய்வுக்குச் சமம். தமிழ்நாட்டில் 2005-ல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் "மக்கள் நிலை ஆய்வு" என்ற பெயரில் ஊராரே கூடி, தரையில் ஊர்ப் படம் வரைந்து, எந்த வீடு மிகவும் ஏழை என்று பகிரங்கமாகப் பேசி முடிவெடுத்தனர். நால்வர் முன்னிலையில் சொல்லும்போது வசதியுள்ளவர் ஏழை என்று எழுதிக்கொள்வதும், ஏழை விட்டுப்போவதும் குறையும். அம்முறையை நாமும் கையாளலாம்.

கணக்கெடுப்பவர் வரும்போது

முதலில், எந்த அலுவலகம், எதற்காக இந்தக் கணக்கு, முடிவு ஊருக்குத் தெரிவிக்கப்படுமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வங்கிக் கணக்கின் ரகசிய எண் முதலியவற்றை எந்த ஆய்வுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

குத்தகைச் சாகுபடியை மறைக்காமல் கூறுங்கள். வாய்மொழிக் குத்தகையில் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் உழுபவர்கள் நம் பகுதியில் பலர். 2019-ல் தொடங்கிய பி.எம்.கிசான் உதவி, ஆண்டுக்கு ரூ.6,000, நிலம் தன் பெயரில் உள்ள குடும்பத்துக்குத்தான் வருகிறது. உழுபவர் யார் என்று கணக்கில் ஏறினால்தான் இத்தகைய விதிகளை மாற்றக் கோர ஆதாரம் இருக்கும்.

உதவி கிடைக்கும் என்று வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும், கௌரவம் கருதிக் கடனை மறைப்பதும் கேடு செய்யும். ஒரு வீட்டின் பொய்க் கணக்கு, உண்மையில் தவிக்கும் இன்னொரு வீட்டைப் பட்டியலிலிருந்து தள்ளிவிடக்கூடும். ஒரு தொகையை மட்டும் கேட்டால், "மாதவாரியாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்று நோட்டை நீட்டுங்கள். தாளில் அதற்கு இடம் இல்லை என்று அவர் சொன்னால், குறிப்பாகவாவது எழுதச் சொல்லுங்கள்.

வரும் சித்திரை முதல் நாளில் நோட்டைத் தொடங்குவது வசதியாக இருக்கும். ஆண்டு முடிந்ததும் தெருவாரின் நோட்டுகளைச் சேர்த்து, வெறுமையான மாதங்களை ஒரே தாளில் எழுதி, உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் கையொப்பமிட்டுக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளவும். விதை, கடன், வேலை நாள் ஆகியவற்றை எந்த மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று அலுவலர்களிடம் கேட்க அந்தத் தாளே ஆதாரமாகும்.